உறைநிலையில் கருவைக் காத்தல்: கொல்கத்தா கண்ட வழியும் இன்றைய கேள்வியும்

மானிடக் கரு, தோன்றிய மூன்றாம் நாளில், எட்டு உயிரணுக்கள் கொண்ட நுண்ணிய உருண்டையாக விளங்குகிறது. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கேயாகும். இப்பருவத்திலுள்ள கருவை இக்கட்டுரையில் இளங்கரு என்று குறிப்பிடுவோம். பூஜ்யத்திற்குக் கீழ் 196 டிகிரி சென்டிகிரேடு குளிரிலுள்ள திரவ நைட்ரஜனில் இத்தகைய இளங்கருவை ஆண்டுக்கணக்கில் கெடாது காக்கவும், வேண்டும்பொழுது மீண்டும் உயிர்ப்பித்துக் கருப்பையில் சேர்க்கவும் இன்று இயலுகிறது.

இவ்வசதியினால் முன்பு எவரும் எண்ணிப் பார்த்திராத ஒரு கேள்வி எழுந்துள்ளது. ஒரு தம்பதியர் சிகிச்சை பெற்று, இரு குழந்தைகளுக்குப் பெற்றோராகி, இனி வேண்டாம் என்று நிறைவடைகின்றனர். அவர்களுடைய இளங்கருக்கள் மூன்று, சிகிச்சை நிலையத்தின் குளிர்க்கலத்தில் எஞ்சியுள்ளன. அதே நகரில் வேறொரு தம்பதியர் பல்லாண்டுகளாகக் குழந்தைக்கு ஏங்குகின்றனர். எஞ்சியவற்றை இவர்களுக்குக் கொடையாக அளிக்கலாமா? இக்கேள்வியைக் கேட்டு நம் களப்பணியாளரிடமும் ஆசிரியரிடமும் வருவோர் உண்டு. அதற்குச் சரியான விடை கூற வேண்டுமாயின் விஞ்ஞானத்தையும், அதன் வரலாற்றையும், நம் நாட்டுச் சட்டத்தையும் ஒருங்கே அறிந்திருத்தல் நலம். மனித இளங்கருவை உறைவித்துக் காத்துக் குழந்தையாகப் பிறக்கச் செய்த முதல் முயற்சி நம் நாட்டிலேயே, கொல்கத்தா மாநகரில், 1978-ஆம் ஆண்டில் வெற்றி கண்டது என்பதும் நம்மவர் பலர் அறியாத செய்தியாகும்.

ஜாதவ்பூரின் பங்கு

கொல்கத்தாவின் தென்பகுதியில் அமைந்துள்ளது ஜாதவ்பூர். 1955-ஆம் ஆண்டில் உருப்பெற்ற ஜாதவ்பூர்ப் பல்கலைக் கழகமும், டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகமும், இந்திய வேதி உயிரியல் நிலையமும் இப்பகுதியிலேயே உள்ளன.

ஜாதவ்பூர்ப் பல்கலைக் கழகத்தில் உணவுத் தொழில்நுட்பமும் உயிர்வேதிப் பொறியியலும் சார்ந்த துறையில் பேராசிரியராக விளங்கியவர் சுனித் முகர்ஜி. கடுங்குளிரில் உயிர்ப்பொருள்கள் அடையும் மாறுதல்களை ஆராயும் உறைவியலில் அவர் வல்லுநர். உணவுத் துறை அறிஞருக்கும் குழந்தைப் பேற்றுக்கும் யாது தொடர்பு என்று சிலர் வியக்கலாம். மீனையும் கனியையும் உறைவித்துக் காப்பதில் எழும் இடையூறும், கருவை உறைவித்துக் காப்பதில் எழும் இடையூறும் அடிப்படையில் ஒன்றே என்பதை அறிந்தால் அவ்வியப்பு நீங்கும்.

குளிரும் உயிரணுவும்

உயிரணுவின் பெரும்பகுதி நீரால் ஆனது. நீர் உறைந்து பனிக்கட்டியாகும்பொழுது கனஅளவில் பெருகுகிறது. கூரிய படிகங்களாகவும் மாறுகிறது. இப்படிகங்கள் உயிரணுவின் மெல்லிய உறையைக் கிழித்துவிடுகின்றன. நன்கு பழுத்த தக்காளி ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் ஓர் இரவு வைத்து, மறுநாள் வெளியே எடுத்து இளகவிட்டால் அது நீர்விட்டுக் குழைந்துபோவதைக் காணலாம். மேல்நிலை வகுப்பு மாணவர்க்கு ஆசிரியர்கள் இதனை எளிதில் செய்து காட்டலாம். தக்காளிக்கு நேர்ந்த இக்கேடு இளங்கருவுக்கு நேராமல் தடுப்பதே உறைவியலின் வேலை.

இதற்கான வழி 1949-இல் இங்கிலாந்தில் கிட்டியது. போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகிய மூவரும் கிளிசரின் கலந்த திரவத்தில் சேவலின் விந்தணுக்களை உறைவித்து மீண்டும் உயிர்ப்பித்தனர். கிளிசரின் உயிரணுவினுள் புகுந்து, நீரின் இடத்தை ஓரளவு தான் பற்றிக்கொண்டு, படிகங்கள் பெருகாமல் தடுக்கிறது. இத்தகைய பொருள்களை உறைகாப்புப் பொருள்கள் என்பர். டைமெதில் சல்ஃபாக்சைடு என்னும் திரவமும் இவ்வகையினதே. அதனைப் பயன்படுத்தி 1972-இல் விட்டிங்ஹாம், லீபோ, மாசுர் ஆகியோர் சுண்டெலியின் கருக்களை உறைவித்து, அவற்றிலிருந்து குட்டிகள் பிறக்கச் செய்தனர். மறு ஆண்டில் உறைவித்த கருவிலிருந்து கன்று ஒன்று இங்கிலாந்தில் பிறந்தது. மனிதக் கருவில் இம்முறை வெற்றி பெறுமா என்பது அந்நாளில் எவரும் அறியாததாக இருந்தது.

குளிர்விக்கும் வேகமும் முக்கியமானது. முதலில் கையாளப்பட்ட முறையில் வெப்பநிலை நிமிஷத்துக்கு ஒரு டிகிரிக்கும் குறைவாக மெல்ல மெல்லத் தாழ்த்தப்பட்டது. அவ்வாறு செய்யின் உயிரணுவின் நீர் சிறிது சிறிதாக வெளியேறி, வெளியிலேயே உறைகிறது. இன்று பெரும்பாலும் கையாளப்படுவது இதற்கு நேர்மாறான முறை. செறிந்த உறைகாப்புத் திரவத்தில் கருவைத் தோய்த்து, நொடிப்பொழுதில் திரவ நைட்ரஜனில் ஆழ்த்துகின்றனர். படிகம் தோன்றுவதற்கே காலம் இல்லாமையால் நீர் கண்ணாடி போன்று இறுகிவிடுகிறது. சுண்டெலிக் கருவில் இம்முறை 1985-இல் ரால், பாஹி ஆகியோரால் நிறுவப்பட்டது. தேர்ந்த நிலையங்களில் இம்முறையால் உறைவிக்கப்படும் மனித இளங்கருக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை உயிருடன் மீள்கின்றன.

திரவ நைட்ரஜனின் குளிரில் உயிரணுவுக்குள் நிகழும் இரசாயன மாறுதல்கள் ஏறத்தாழ முற்றிலும் நின்றுவிடுகின்றன. அங்கே ஓராண்டும் பத்தாண்டும் ஏறக்குறைய ஒன்றே. கரு மூப்பதில்லை, அதன் பெற்றோர் மட்டுமே மூப்படைகின்றனர். பின்னர் நாம் காணவிருக்கும் சட்டச் சிக்கல்கள் பல இவ்வுண்மையிலிருந்து பிறந்தவை.

1978-ஆம் ஆண்டின் முயற்சி

உலகின் முதற் பரிசோதனைக் குழாய்க் குழந்தை 1978 ஜூலை 25-ஆம் தேதி இங்கிலாந்திலுள்ள ஓல்டாம் நகரில் பிறந்தது. எழுபது நாட்கள் கழித்து, அக்டோபர் 3-ஆம் தேதி, கொல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. துர்கா பூஜையை ஒட்டிப் பிறந்தமையால் அக்குழந்தை துர்கா என்று அழைக்கப்பெற்றது. இதனை இயற்றியவர் மூவர்: டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய், பேராசிரியர் சுனித் முகர்ஜி, மகப்பேற்று மருத்துவர் டாக்டர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா.

சுபாஷ் முகோபாத்யாய் 1931 ஜனவரி 16-ஆம் தேதி, இன்று ஜார்க்கண்டில் உள்ள ஹசாரிபாகில் பிறந்தவர். கொல்கத்தாவில் மருத்துவப் பட்டமும், இனப்பெருக்க உடலியலில் 1958-இல் டாக்டர் பட்டமும் பெற்றார். பின்னர் ஸ்காட்லாந்திலுள்ள எடின்பரோ பல்கலைக் கழகத்தில் ஹார்மோன்களைப் பற்றி ஆராய்ந்து 1967-இல் இரண்டாம் டாக்டர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார்.

சிகிச்சைக்கு வந்த பெண்மணியின் கருக்குழாய்கள் பழுதுற்றிருந்தன. எனவே சூலகத்திலிருந்து வெளிப்படும் முட்டை கருப்பையை அடைய வழியில்லை. முட்டையை வெளியே எடுத்து, கண்ணாடிக் கலத்தில் கணவரின் விந்தணுவுடன் சேர்த்துக் கருவுறச் செய்து, கருப்பையில் வைப்பதொன்றே வழியாக இருந்தது. இதுவரை ஓல்டாமில் செய்ததும் கொல்கத்தாவில் செய்ததும் ஒன்றே. ஆயின் மூன்று இடங்களில் கொல்கத்தா வேறு வழியில் சென்றது.

முதலாவதாக, ஓல்டாமில் இயற்கையாக அம்மாதம் முதிர்ந்த ஒரே முட்டையை எடுத்தனர். முகோபாத்யாய் ஹார்மோன் ஊசியின் துணையால் ஒரே சமயத்தில் பல முட்டைகள் முதிருமாறு செய்தார். இரண்டாவதாக, ஓல்டாமில் வயிற்றுச் சுவரில் துளையிட்டு, உட்காண் கருவியினால் முட்டையை எடுத்தனர். முகோபாத்யாய் குழுவினர் யோனிச் சுவரில் செய்த சிறு கீறலின் வாயிலாக அதனை எடுத்தனர். மூன்றாவதும் முதன்மையானதும் உறைவிப்பு ஆகும்.

உறைவிக்க வேண்டிய தேவை யாது? ஹார்மோன் ஊசி பல முட்டைகளைத் தருகிறது; அதே வேளையில் அது கருப்பையின் உட்சுவரை அந்த மாதத்தில் கருவை ஏற்பதற்கு ஏற்றதல்லாததாகவும் ஆக்கக்கூடும். ஆகவே கருவை அப்பொழுதே வைக்காமல், உடல் இயல்பு நிலைக்குத் திரும்பிய வேறொரு மாதத்தில் வைத்தல் நன்று என்று முகோபாத்யாய் கருதினார். அதுகாறும் கருவைக் காப்பது எவ்வாறு? இதற்கு விடை தந்தது ஜாதவ்பூரின் உறைவியல். எட்டு உயிரணுப் பருவத்திலிருந்த கருக்கள் டைமெதில் சல்ஃபாக்சைடில் தோய்க்கப்பட்டு உறைவிக்கப்பட்டன. ஐம்பத்து மூன்று நாட்கள் கழிந்தபின் அவற்றை இளகச் செய்து தாயின் கருப்பையில் சேர்த்தனர். இம்முயற்சியைப் பற்றிய சுருக்கமான குறிப்பு 1978-ஆம் ஆண்டின் இந்திய உறைவியல் இதழில் வெளியாயிற்று.

இதன் சிறப்பை அளக்க ஓர் ஒப்பீடு போதும். உறைவித்த மனிதக் கருவினால் கருப்பம் உண்டானது பற்றிய வெளிநாட்டு அறிக்கை, மெல்போர்ன் நகரத்து டிரௌன்சன், மோர் ஆகியோரால் 1983-இல் வெளியிடப்பட்டது. அக்கரு எட்டு உயிரணுப் பருவத்தது. உறைகாப்புப் பொருளும் டைமெதில் சல்ஃபாக்சைடே. உறைவித்த கருவிலிருந்து அங்கே குழந்தை பிறந்தது 1984-இல். கொல்கத்தாவின் முயற்சி இதற்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் முற்பட்டது. கருக்களை உறைவித்து வைத்துப் பின்வரும் மாதத்தில் சேர்க்கும் முறை இன்று உலகெங்கும் பரவலாகக் கையாளப்படுகிறது.

ஏற்கப்படாத உண்மை

இவ்வெற்றி அந்நாளில் பாராட்டப்படவில்லை. மாநில சுகாதாரத் துறைக்கு முகோபாத்யாய் அறிக்கை அனுப்பினார். 1978 நவம்பரில் அதனை விசாரிக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் வானொலி இயற்பியல் துறையைச் சேர்ந்தவர். கருவியலிலும் உறைவியலிலும் ஆராய்ச்சி அனுபவம் உடையோர் அக்குழுவில் இல்லை என்பது பிற்காலத்தார் எடுத்துக் காட்டிய குறையாகும். குழு அவருடைய கூற்றை ஏற்க மறுத்தது. ஜப்பானிலிருந்து அழைப்பு வந்தபொழுது அங்கு சென்று தம் ஆராய்ச்சியை விளக்க அவருக்கு அனுமதி கிட்டவில்லை. துர்காவின் பெற்றோரும் சமூகத்தின் ஏச்சுக்கு அஞ்சித் தம்மை வெளிப்படுத்திக் கொள்ளாதிருந்தனர். 1981-ஆம் ஆண்டில், அவருடைய ஆராய்ச்சிக்குத் தொடர்பற்ற கண் மருத்துவ நிலையம் ஒன்றுக்கு அவர் மாற்றப்பட்டார். அவ்வாண்டிலேயே, ஐம்பது வயதில், அவர் தம் உயிரை மாய்த்துக் கொண்டார்.

1986 ஆகஸ்ட் 6-ஆம் தேதி பம்பாயின் கே.ஈ.எம். மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும், இனப்பெருக்க ஆராய்ச்சி நிலையத்தின் டாக்டர் டி. சி. ஆனந்த குமாரும் இதனை நிறைவேற்றினர். இந்தியாவின் முதற் பரிசோதனைக் குழாய்க் குழந்தை அதுவே என்று பல்லாண்டுகள் கருதப்பட்டது.

1997-ஆம் ஆண்டில் ஆனந்த குமார் கொல்கத்தாவுக்குச் சென்றிருந்தபொழுது முகோபாத்யாயின் கையெழுத்துக் குறிப்புகளும் அறிக்கைகளும் அவருடைய பார்வைக்குக் கிடைத்தன. அவற்றைப் படித்து ஆராய்ந்த அவர், முதன்மை தமக்கு உரியதன்று, முகோபாத்யாய்க்கே உரியது என்று அவ்வாண்டு ஏப்ரலில் கரண்ட் சயன்ஸ் இதழில் எழுதினார். தமக்குக் கிடைத்த பெருமையைத் தாமே மனமுவந்து விட்டுக்கொடுத்த இச்செயலை மாணவர்க்குச் சொல்லித் தருதல் தகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2005-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளில் கொல்கத்தாவின் முயற்சி இடம்பெற்றது. துர்காவும் வளர்ந்து, தம் இருபத்தைந்தாம் வயதில், தாமே வெளிவந்து தம்மை அறிவித்துக் கொண்டார்.

கரு எஞ்சுவது ஏன்?

முட்டைகள் பல எடுக்கப்படுவதால் கருக்களும் பலவாகின்றன. உதாரணமாக, பத்து முட்டைகளில் ஏழு கருவுறுவதாகவும், அவற்றுள் நான்கு நன்கு வளர்வதாகவும் கொள்வோம். நான்கையும் ஒருங்கே கருப்பையில் வைப்பது தகாது. இரட்டை, மும்மைக் கருப்பங்கள் தாய்க்கும் சேய்க்கும் இடர் விளைப்பவை. எனவே ஒன்றை, மிகினும் இரண்டை வைத்து, மற்றவற்றை உறைவிக்கின்றனர். முதன் முயற்சி பலிக்காவிடில் எஞ்சியவை உதவும். தாய் மீண்டும் ஊசிகளுக்கும் முட்டை எடுக்கும் சிகிச்சைக்கும் உட்பட வேண்டியதில்லை. அடுத்த குழந்தைக்கும் அவை பயன்படும்.

குடும்பம் நிறைவு பெற்றபின் எஞ்சியவற்றை என் செய்வது? உலக நாடுகளில் நான்கு வழிகள் பேசப்படுகின்றன: தொடர்ந்து காத்தல், அழியவிடுதல், ஆராய்ச்சிக்கு அளித்தல், வேறு தம்பதியர்க்குக் கொடையாக அளித்தல்.

கொடையாகப் பெறும் பெண்ணுக்குச் செய்யும் சிகிச்சை எளியது. ஹார்மோன் மருந்துகளால் அவருடைய கருப்பையின் உட்சுவர் பக்குவப்படுத்தப்படுகிறது. இளகிய கரு மெல்லிய குழாயின் வாயிலாக உள்ளே வைக்கப்படுகிறது. அறுவை தேவையில்லை. கொடையாளரிடம் எய்ட்ஸ், ஈரல் அழற்சி, மேகநோய் முதலியவற்றுக்கான சோதனைகளும், தலசீமியா போன்ற பரம்பரை நோய்களுக்கான சோதனைகளும் செய்யப்பட்டிருத்தல் இன்றியமையாதது. பிறக்கும் குழந்தையின் மரபுக் கூறுகள் கொடையளித்த தம்பதியரிடமிருந்து வருபவை. அதனைப் பத்து மாதம் சுமந்து தன் உதிரத்தால் ஊட்டுபவள் பெற்றுக்கொண்ட தாய். தம்பதியர் இருவரிடத்தும் குறை இருந்து, முட்டையும் விந்தணுவும் பயன்படாத நிலையில், இது ஒரு வழியாகிறது.

பிற நாடுகளின் அனுபவம்

1983-இல் மெல்போர்னில் ஒரு சிக்கல் எழுந்தது. அந்நகரில் தம்முடைய இரு கருக்களை உறைவித்து வைத்திருந்த அமெரிக்கத் தம்பதியர் இருவரும் விமான விபத்தில் மாண்டனர். அக்கருக்களை என் செய்வதென்று அவர்கள் எதுவும் எழுதி வைக்கவில்லை. அவை யாருடையவை, அழிக்கலாமா, பிறருக்கு அளிக்கலாமா என்று உலகெங்கும் விவாதம் நடந்தது. விக்டோரியா மாநிலம் 1984-இல் இத்துறைக்கெனச் சட்டம் இயற்றியது.

பிரிட்டனில் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் கருக்களைக் காக்க ஐந்தாண்டு எல்லை விதித்தது. எல்லை முடிந்த 1996 ஆகஸ்டில், உரியவர்களிடமிருந்து பதில் வாராத சுமார் 3,300 கருக்கள் அழிக்கப்பட்டன. முகவரி மாறியவர்கள், கடிதம் பெறாதவர்கள், பதில் எழுத மனம் வாராதவர்கள் ஆகியோருக்கு உரியவை அவை. 2022 ஜூலை முதல், பத்தாண்டுக்கு ஒருமுறை ஒப்புதலைப் புதுப்பித்து, ஐம்பத்தைந்து ஆண்டுகள் வரை காக்க அந்நாடு இசைந்துள்ளது. அங்குக் கருக்கொடை அனுமதிக்கப்படுகிறது. 2005 ஏப்ரலுக்குப்பின் அளிக்கப்பெற்ற கொடையினால் பிறந்தவர், பதினெட்டு வயது நிரம்பியதும், கொடையாளர் இன்னார் என்று அறியும் உரிமை பெறுகிறார்.

அமெரிக்காவில் கருக்கொடை நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. 1994-இல் உறைவிக்கப்பட்டுக் கொடையாக அளிக்கப்பெற்ற ஒரு கருவிலிருந்து 2025 ஜூலையில் ஓஹையோ மாநிலத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அக்கரு குளிரில் இருந்தது.

நம் நாட்டுச் சட்டம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2005-ஆம் ஆண்டு நெறிமுறைகள், உரிய தம்பதியரின் ஒப்புதலுடன் எஞ்சிய கருவை வேறு தம்பதியர்க்குப் பயன்படுத்த இடமளித்திருந்தன. ஆனால் அவை சட்ட வலிமை பெற்றவை அல்ல. துணை இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் 2021-இல் நிறைவேறி, 2022 ஜனவரி 25-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் அவ்வாண்டிலேயே விதிகளும் வெளியாயின. களப்பணியாளர் நினைவிற்கொள்ள வேண்டிய பகுதிகள் வருமாறு:

ஒன்று: எஞ்சிய கருவை அதே பயனாளிக்கே காத்து வைத்தல் வேண்டும், வேறு தம்பதியருக்கோ வேறு பெண்ணுக்கோ பயன்படுத்துதல் கூடாது. ஆகவே நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இன்றைய இந்திய விடை, இயலாது என்பதேயாகும்.

இரண்டு: கருவைப் பத்தாண்டுகளுக்கு மேல் காத்தல் கூடாது. அக்காலம் முடிந்ததும் அதனை அழியவிடலாம். அல்லது உரியவரின் ஒப்புதலுடன், பதிவு பெற்ற ஆராய்ச்சி நிலையத்துக்கு அளிக்கலாம்.

மூன்று: எவ்வளவு காலம் காப்பது, இருவருள் ஒருவர் இறந்தாலோ செயலிழந்தாலோ என் செய்வது என்பன குறித்து எழுத்து வடிவிலான ஒப்புதலும் அறிவுறுத்தலும் பெறாமல் கருவை உறைவித்தல் ஆகாது. மெல்போர்ன் சிக்கல் தந்த பாடம் இதில் அடங்கியுள்ளது.

நான்கு: முட்டை, விந்தணு, கரு ஆகியவற்றை விற்பது தண்டனைக்குரிய குற்றம்.

ஐந்து: முட்டைக் கொடையும் விந்துக் கொடையும் பதிவு பெற்ற வங்கியின் வாயிலாக அனுமதிக்கப்படுகின்றன. முட்டைக் கொடையாளரின் வயது 23 முதல் 35 வரை. வாழ்நாளில் ஒரே முறை, ஏழு முட்டைகளுக்கு மேற்படாமல் எடுக்கலாம். ஒருவருடைய கொடை ஒரே தம்பதியர்க்கே உரியது. பிறக்கும் குழந்தைக்குச் சிகிச்சை பெற்ற தம்பதியரே சட்டப்படி பெற்றோர். கொடையாளருக்கு உரிமையும் கடமையும் இல்லை.

இத்தகைய கண்டிப்பு எதற்காக என்று வினவுவோர்க்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுண்டு. 2022-ஆம் ஆண்டில் ஈரோட்டில், பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தியின் வயதைப் பொய்யாகக் காட்டிப் பலமுறை அவளிடமிருந்து கருமுட்டைகள் எடுக்கப்பட்டமை வெளியாயிற்று. வறுமையும் பணமும் சந்திக்கும் இடத்தில் கொடை என்னும் சொல் எளிதில் வாணிபத்துக்குத் திரையாகிவிடும்.

எனினும், எஞ்சிய கருவைப் பொறுத்தவரை மறுபக்கமும் கருதத் தக்கது. முட்டைக் கொடைக்காக ஒரு பெண் ஊசிகளுக்கும் அறுவைக்கும் உட்பட வேண்டும். எஞ்சிய கருவோ ஏற்கெனவே உருவாகி இருப்பது. அதனைக் கொடுப்பதால் எவருடைய உடலுக்கும் புதிய துன்பம் இல்லை. இரு தம்பதியரும் மனமார இசைந்திருக்க, ஒரு பக்கம் கரு அழியவும் மறுபக்கம் ஒரு வீடு குழந்தையின்றி இருக்கவும் வேண்டுமா என்பது நியாயமான கேள்வியே. இதற்கு எதிராக எழும் கேள்விகளும் நியாயமானவை. தன்னைப் போன்றே தன் உடன்பிறந்தார் வேறொரு வீட்டில் வளர்வதை அறியாமல் ஒரு குழந்தை வளரலாமா? அறியாமல் அவர்களுக்குள் மண உறவு ஏற்படாமல் தடுப்பது எங்ஙனம்? அதற்கான பதிவேட்டை எத்தனை தலைமுறைக்குக் காப்பது? கொடை அனுமதிக்கப்படும் காலம் வருமாயின், இவற்றுக்கு விடையளிக்கும் ஏற்பாடுகளும் அதனுடன் வருதல் வேண்டும். சட்டம் மக்கள் மன்றத்தின் விவாதத்தால் திருத்தப்படக் கூடியது. திருத்தப்படும் வரை உள்ளதை உள்ளபடி கூறுவதே நம் கடமை.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

உலகில் வயது வந்தோருள் ஏறக்குறைய ஆறில் ஒருவர் தம் வாழ்நாளில் எப்பொழுதேனும் குழந்தைப்பேற்றுக் குறையைச் சந்திக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் கணக்கிட்டது. இது மிகுந்த வழக்கமுள்ள உடற்குறை, பாபமுமன்று, சாபமுமன்று. குறை ஆணிடத்தும் இருக்கலாம், பெண்ணிடத்தும் இருக்கலாம், இருவரிடத்தும் இருக்கலாம். மனைவியை மட்டும் சோதனைக்கு அனுப்பும் வழக்கத்தைக் களப்பணியாளர் மாற்ற முயல வேண்டும். கணவரின் விந்துச் சோதனை எளியது, செலவு குறைந்தது. ஆதலின் அதுவும் தொடக்கத்திலேயே நடைபெறுதல் நலம். பெண்களின் கருக்குழாய் அடைபடுவதற்குக் காசநோயும், கவனிக்கப்படாத உட்புற அழற்சியும் நம் நாட்டில் காரணங்களாக உள்ளன. இவை தக்க காலத்தில் சிகிச்சையளித்தால் தவிர்க்கத் தக்கவை. மலடி என்னும் சொல்லை நம் பேச்சிலிருந்தும் பதிவேடுகளிலிருந்தும் அறவே நீக்குதல் நன்று.

கருவை உறைவிக்கும் சிகிச்சைக்குச் செல்வோரிடம் சில கேள்விகளைக் கேட்கச் சொல்ல வேண்டும். நிலையம் சட்டப்படி பதிவு பெற்றதா? எத்தனை கருக்கள் உருவாயின, எத்தனை வைக்கப்பட்டன, எத்தனை உறைவிக்கப்பட்டன? ஆண்டுக் கட்டணம் எவ்வளவு? பத்தாண்டு எந்தத் தேதியில் முடிகிறது? ஒப்புதல் பத்திரத்தின் பிரதி கைக்கு வந்ததா? கருக்கள் கருப்பையில் சேர்க்கப்படும் முன் எப்பொழுது வேண்டுமானாலும் தம் ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமை தம்பதியர்க்கு உண்டு என்பதையும் அவர்கள் அறிதல் வேண்டும். முகவரி மாறினால் நிலையத்துக்குத் தெரிவிப்பது சிறு காரியம். பிரிட்டனில் 1996-இல் நடந்ததை நினைத்தால் அதன் அருமை விளங்கும்.

கருவைக் கொடையாக வாங்கித் தருவதாகக் கூறிப் பணம் கேட்கும் இடைத்தரகர் எவரேனும் வந்தால், அது சட்டத்துக்குப் புறம்பானது என்று தெளிவாகச் சொல்லி, மாவட்ட சுகாதார அதிகாரிகளுக்குத் தெரிவித்தல் வேண்டும். குழந்தையை வளர்க்க விரும்பும் தம்பதியர்க்குச் சட்டப்படியான தத்து ஏற்பு என்னும் வழி திறந்தே உள்ளது. மத்திய தத்து ஆதார ஆணையத்தின் பதிவு முறையை அவர்களுக்கு விளக்கி உதவலாம்.

ஆசிரியர்களுக்கு இவ்வரலாறு வேறொரு வகையிலும் பயன்படும். கொல்கத்தாவின் முயற்சியில் மருத்துவரும் உடலியல் அறிஞரும் உணவுத் துறைப் பேராசிரியரும் ஒன்றுகூடினர். ஒரு துறையின் அறிவு மற்றொரு துறையின் இடரைத் தீர்த்தது. பின்னர் அவ்வுண்மை பத்தொன்பது ஆண்டுகள் ஏற்கப்படாது கிடந்து, கையெழுத்துக் குறிப்புகள் காக்கப்பட்டிருந்தமையால் மீண்டும் ஒளி பெற்றது. ஆய்வுக் கூடத்தில் மாணவன் எழுதும் பதிவேட்டில் தேதியும் அளவும் முறையும் பிழையின்றி இருக்க வேண்டுவதன் காரணத்தை இதனினும் நன்கு விளக்கும் வரலாறு அரிது. புதிய கூற்றை நம்ப மறுப்பது விஞ்ஞானிக்கு உரிமை. ஆராய்ந்து பாராமல் மறுப்பது அவருக்கு உரிமையன்று.

ஐம்பத்து மூன்று நாட்கள் ஒரு கருவைக் குளிரில் காத்ததில் தொடங்கிய இவ்வித்தை, இன்று அதனை முப்பதாண்டு காக்கும் அளவுக்கு வளர்ந்துள்ளது. எவ்வளவு காலம் காப்பது, யாருக்காகக் காப்பது என்னும் முடிவுகளைக் குளிர்க்கலம் செய்யாது. உரிய தம்பதியரும், அவர்தம் சமுதாயமும், அச்சமுதாயம் இயற்றும் சட்டமும் செய்ய வேண்டியவை அவை. அம்முடிவுகளை மக்கள் விவரம் அறிந்து செய்யுமாறு துணைநிற்பதே நம் பணி.